ஆலா இல்லாத கட்டம்

உட்காருங்கள் தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம், வலைக்கு அடியில் தூண்டில் முள் கிடக்கும். இப்படி வள்ளத்தின் நிழலுக்கு வாருங்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு வள்ளம் வேண்டும், நாலாவது கோட்டில் போக வேண்டும் என்கிறீர்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. முதலில் அந்தப் பையில் இருப்பதை எல்லாம் எடுத்து இந்தப் பலகையில் வையுங்கள். கோபப்படக் கூடாது. போன வருஷமும் இப்படி ஒரு பை வந்தது. அதைத் திறந்து பார்க்காமல் விட்டுவிட்டேன். இன்று இப்படி நிற்கிறேன்.

பைனாகுலர். சரி. நோட்டு, பென்சில். பென்சில் எதற்கு? தண்ணீர் பட்டால் பேனா மை அழிந்துவிடும், ஆமாம், போன வருஷம் வந்தவளும் அதைத்தான் சொன்னாள். தொப்பி. பிஸ்கட். அந்த மஞ்சள் டப்பா? ஜி.பி.எஸ். அதைத்தான் தேடினேன். அணைத்து வையுங்கள். கரையில் இருந்தால் என்ன, அணைத்தே இருக்கட்டும்.

இப்போது சொல்லுங்கள், என் பெயரை உங்களுக்கு யார் சொன்னது? பாலந்துறையில் வள்ளம் வைத்திருப்பவர்கள் நூற்றுப் பத்துப் பேர். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "ததேயுஸ் வீடு எது" என்று கேட்டிருக்கிறீர்கள். டீக்கடையில் கேட்டீர்கள், ஐஸ் கம்பெனியில் கேட்டீர்கள். நீங்கள் இங்கே வந்து சேரும் முன்பே எனக்குத் தகவல் வந்துவிட்டது.

பூங்கோதை மேடமா?

ம்.

அவள் சொல்லி அனுப்பினாள் என்றால் முதலில் இருந்து சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, நான் செய்தது சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொல்லுங்கள்.

கடலுக்கு அடியில் கிடக்கும் பாறையை நாங்கள் பார் என்போம். மேலே ஒன்றும் தெரியாது, மற்ற இடம் போல் தண்ணீர்தான். அடியில் மீன் குடியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கணியம் பார்க்க வேண்டும். கணியம் என்றால் பெரிய வித்தை இல்லை. கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேரே வர வேண்டும். அதே சமயம் இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு அடையாளங்களும் நேரே வர வேண்டும். ஒரு மலை, ஒரு மாதா கோவில் கோபுரம், இப்படி. எந்த மலை, எந்தக் கோவில் என்று கேட்காதீர்கள். கேட்கவில்லையா? கேட்க நினைத்தீர்கள்.

என்னிடம் இரண்டு பார் இருந்தன. ஒன்று குருசுப்பார். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மச்சினன் சேசடிமை, அதாவது என் மனைவி பிலோமியின் தம்பி, "அத்தான், உடம்புக்குச் சுகமில்ல, சும்மா காத்து வாங்க வாறேன்" என்று சொல்லி என் வள்ளத்தில் ஏறினான். காற்று வாங்க வந்தவன் மடியில் செல்போனைக் கட்டி வைத்திருந்தான். அது எந்த இடம் என்று அந்தப் போன் குறித்துக்கொண்டது. அடுத்த வாரம் குருசுப்பாரில் பதினாலு வள்ளம் நின்றது. முதல் வள்ளம் அவனுடையது. "ஏம்லே இப்படிச் செய்தே?" என்று கேட்டேன். "கடல் உமக்க சொத்தா அத்தான்?" என்றான். இரண்டு வருஷத்தில் அங்கே ஒரு கலவாய் மீன் மிச்சமில்லை.

மற்றது பெட்டிப்பார். சதுரமாக, ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்தது போல் இருக்கும். அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. பிலோமிக்குக்கூடத் தெரியாது. தெற்கே போவது போல் போய்ச் சுற்றிக்கொண்டு வருவேன். யாராவது பின்னால் வந்தால் வெறும் தண்ணீரில் தூண்டிலைப் போட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு கப்பல் உடைந்து கிடக்கிறது, வலையைக் கிழித்துவிடும் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக நம்புகிறார்கள். சில நாள் நானே நம்பிவிடுவேன்.

ஆனி, ஆடியில் கடல் ஏறி அடிக்கும்போது மற்றவர்கள் வெறும் கையோடு வருவார்கள். என் வள்ளத்தில் மட்டும் கலவாயும் பாறை மீனும் கிடக்கும். என் வீட்டு உலை அந்தப் பாரை நம்பித்தான் கொதிக்கிறது தம்பி. அது போனால் நான் போனேன்.

பெட்டிப்பாருக்கு ஒரே ஒரு கெட்ட குணம், பறவை. நெத்திலி மேலே வரும் நாட்களில் ஆலாக் கூட்டம் வந்து இறங்கும். ஆலாவுக்கு வாயை மூடத் தெரியாது. இங்கே மீன் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் கத்தும். நானும் எத்தனையோ தடவை துடுப்பால் தண்ணீரை அடித்து விரட்டிப் பார்த்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கம்பெனி வந்தது. அலையில் மிதந்து, ஏறி இறங்கி மின்சாரம் எடுக்கும் மிதவைகள். ஒவ்வொன்றும் ஒரு லாரி அளவு இருக்குமாம். அதை வைக்கும் முன்பு ஒரு வருஷம் கடலில் பறவையையும் ஓங்கிலையும் எண்ண வேண்டுமாம். ஓங்கில் என்றால் நீங்கள் டால்பின் என்பீர்களே, அதுதான். எங்கே உயிர்கள் குறைவாக இருக்கின்றனவோ அங்கே மிதவையை வைப்பார்களாம். எண்ணுவதற்கு வந்தவள்தான் பூங்கோதை. ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை. கடலே இல்லாத ஊரில் பிறந்தவள் கடலில் பறவை எண்ண வருகிறாள். அது உங்களுக்கு இயல்பாகப் படுகிறதா?

பங்குச் சாமியார்தான் என் பெயரைச் சொன்னார். குடிக்காத ஆள், நிதானமாக ஓட்டுவான் என்று. நான் உடனே ஒப்புக்கொண்டேன். இன்னொருவன் வள்ளத்தில் போனால் அவள் எங்கெங்கே போகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் இதே பலகையில் ஒரு படத்தை விரித்தாள். கரையில் இருந்து கடலுக்குள் பத்துக் கோடு. ஒவ்வொரு கோட்டிலும் கட்டம் கட்டமாக. பிள்ளைகள் பாண்டி விளையாடத் தரையில் போடுவது போல் என் கடல் மேல் போட்டிருந்தாள். நாலாவது கோட்டில் ஆறாவது கட்டத்தைப் பார்த்தேன். பெட்டிப்பார் அதற்குள் இருக்கிறது.

"இந்தக் கட்டம் என்னத்துக்கு மேடம்?" என்று ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டேன்.

"கடலை ஒரேயடியா எண்ண முடியாதுங்கண்ணா. கட்டம் கட்டமாத்தான் எண்ணணும். ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டருங்க. அதுக்குள்ள எந்த இடம்னு எங்களுக்கு வேண்டாம். கட்டம் தெரிஞ்சாப் போதுங்க."

இடம் வேண்டுமா என்று நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருத்தி பதில் சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? அதில்தான் எனக்கு முதல் சந்தேகம்.

அவள் வேலை செய்யும் விதத்தையும் கேளுங்கள். வள்ளத்தைக் கோட்டின் மேலேயே, ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். அவள் முன்னால் உட்கார்ந்து, "ஆலா, மூணு, இடது பக்கம், நூறு மீட்டர்" என்று சொல்லிக்கொண்டே எழுதுவாள். முந்நூறு மீட்டருக்கு அப்பால் எது பறந்தாலும் எண்ண மாட்டாள். அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பவும் கூடாது. ஆலாவைக் கண்ட பிறகும் நேரே போகிறவன் கடலில் எவனாவது உண்டா? என் கை தானாகவே திரும்பும். "திருப்பாதீங்கண்ணா, பறவையைத் தேடிப் போனா அது கணக்கெடுப்பு ஆகாதுங்க" என்பாள். தேடாமல் எண்ண வேண்டுமாம்!

ஒரு நாள் ஓர் ஆலா எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் ஒரு தடவைதான் எழுதினாள். "மேடம், திரும்ப ஒண்ணு வந்திருக்கு" என்றேன். "அதே ஆலாதாங்கண்ணா" என்றாள். எப்படித் தெரியும்? சிறகில் பெயரா எழுதியிருக்கிறது?

ஒன்றுமே வராத கட்டத்திலும் பென்சிலை எடுத்துப் பெரிதாகப் பூஜ்யம் போடுவாள். நன்றாக வளைத்து, அழகாகப் போடுவாள். இல்லாததையே இவ்வளவு அக்கறையாக எழுதுகிறவள் இருப்பதை விடுவாளா?

அதனால் நாலாவது கோட்டில் ஐந்தாவது கட்டம் முடிந்ததும் வள்ளத்தைத் திருப்பிவிட்டேன், சுற்றிக்கொண்டு போய் ஏழாவது கட்டத்தில் கோட்டைப் பிடிக்கலாம் என்று.

"என்னங்கண்ணா?"

"அங்க கல்லு இருக்கு மேடம். தண்ணி பொங்கும். போன வருஷம் ஒரு வள்ளம் கவுந்தது."

எந்த வள்ளமும் கவிழவில்லை. கடல் அன்று எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. அவளும் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "சரிங்கண்ணா. கடல் உங்களுக்குத்தான் தெரியும்" என்று அந்தக் கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு கிழித்தாள்.

"பூஜ்யம் போடலியா மேடம்?"

"பூஜ்யம்னா போய்ப் பாத்தோம், ஒண்ணும் இல்லைன்னு அர்த்தங்க. கோடுன்னா நாங்க போகவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் வேறங்கண்ணா."

எனக்கு இரண்டும் ஒன்றுதான். பார் தப்பியது, அவ்வளவு போதும்.

பதினோரு மாதம். கடல் விட்ட நாட்களில் மட்டும் இருபத்தெட்டுத் தடவை போனோம். நாலாவது கோட்டில் அந்த இடம் வந்ததும், "இன்னைக்குமாங்கண்ணா?" என்பாள். "இன்னைக்கும்தான் மேடம்" என்பேன். ஒரு கோடு கிழிப்பாள். ஒரு தடவை பைனாகுலரை எடுத்து வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தாள்.

"அங்க கறுப்பா என்னமோ தெரியுதுங்களே?"

"மேகத்துக்க நிழல் மேடம்."

"நிழல் பறக்குதுங்கண்ணா."

"காத்து அடிக்குல்லா."

சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அன்று முழுக்க யோசித்தேன். பிலோமியிடம்கூடக் கேட்டேன். "மேகத்துக்க நிழல் பறக்குன்னு சொன்னா மாடுகூடச் சிரிக்கும்" என்றாள். அவளுக்கு எதிலும் சந்தேகம் வராது, அது அவளுடைய சுபாவம்.

புரட்டாசியில் ஒரு நாள் ஓங்கில் வந்தது. இருபதுக்கு மேல் இருக்கும். பெட்டிப்பார் பக்கம் இருந்து வந்து வள்ளத்தின் மூக்குக்கு முன்னால் துள்ளிக்கொண்டு போனது. ஒன்றின் விலாவை ஒட்டி ஒரு குட்டி. அந்தப் பிள்ளை எழுத மறந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குட்டி மூச்சு விடும்போது தும்முவது போல் ஒரு சத்தம் வரும்.

"இதெல்லாம் எங்கிருந்துங்கண்ணா வருது?"

"கேரளாவுல இருந்து."

"இத்தனூண்டுக் குட்டியைக் கூட்டிக்கிட்டு அவ்வளவு தூரமாங்க? பக்கத்துல எங்கயோ நல்லா இரை கிடைக்கிற இடம் இருக்குதுங்க."

பார்த்தீர்களா? ஓங்கிலைப் பார்க்கிறவள் ஓங்கிலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே. இரை எங்கே என்று எதற்குக் கேட்க வேண்டும்?

அதற்குப் பிறகுதான் அந்தக் கறுப்புக் கயிறு வந்தது. கயிறு இல்லை, ஒயர். நுனியில் ஒரு மைக். அதைத் தண்ணீரில் இறக்கி, காதில் போட்டுக்கொண்டு ஓங்கில் பேசுவதைக் கேட்பாளாம். அன்று ஐந்தாவது கட்டத்தின் ஓரத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு என் காதில் மாட்டிவிட்டாள்.

"கேளுங்கண்ணா. எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி இருக்குதுங்களா? சின்ன இறால் சத்தம். பாறை இருக்கிற இடத்துலதான் இப்படிக் கேக்கும்."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மறு நுனியில் காதை வைத்தால் நாங்களும்தான் கேட்போம். ஆனால் அதை இந்த ஊரிலேயே நாலு பேர்தான் அறிவார்கள். ஈரோட்டில் இருந்து வந்தவள் ஒயரை விட்டுக் கேட்டுவிட்டாள்.

அடுத்த தடவை அந்த ஒயர் எஞ்சினில் மாட்டிக்கொண்டது. தானாகத்தான் மாட்டியது. ஒயர் தண்ணீரில் இருந்தது, நான் எஞ்சினைக் கிளப்பினேன், அவ்வளவுதான். அறுந்த நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆபீஸ்ல என்னத்தைச் சொல்லுவேன்" என்று முணுமுணுத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். திட்டவில்லை. அதில்தான் எனக்குச் சந்தேகம்.

வருஷம் முடிந்தது. மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனிக்காரர் ஒருவர், நீலச் சட்டை, திரையில் படத்தைக் காட்டினார். அதே பாண்டிக் கட்டம். நிறைய உயிர்கள் இருக்கும் இடம் சிவப்பு, கொஞ்சம் இருந்தால் மஞ்சள், ஒன்றும் இல்லாத இடம் வெள்ளை. ஊர்ப் பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. நடுவில், பல் விழுந்த இடம் போல, ஒரே ஒரு வெள்ளைக் கட்டம்.

நாலாவது கோடு, ஆறாவது கட்டம்.

"இங்கதான் ஒரு உயிரினமும் பதிவாகல. அதனால மிதவைகளை இங்க வைக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. சுத்தி அரைக் கிலோமீட்டருக்கு வள்ளம் வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் நீலச் சட்டை.

முதலில் கை தட்டியவன் யார் தெரியுமா? சேசடிமை. "அங்க உடைஞ்ச கப்பல்லா கிடக்கு! தாராளமா வெச்சுக்கிடுங்க சார்!" என்று எழுந்து கத்தினான். மண்டபம் முழுக்கக் கை தட்டல். எங்கள் ஊர் ஒரு விஷயத்தில் இப்படி ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

நான் எழுந்தேன். "அங்க வைக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

"வைக்கக் கூடாது. வேற எங்கயாவது வைங்க."

"காரணம் சொல்லுங்க பெரியவரே."

"சொல்ல முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். "அத்தானுக்குக் கப்பல் மேல பாசம்" என்றான் சேசடிமை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பூங்கோதையைக் காட்டி, "இந்தப் பிள்ள தப்பா எழுதியிருக்கு! அங்க பறவை உண்டு! எங்க கடலை இவ வித்துட்டா!" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். எழுதியது அவள்தானே? என் கையிலா பென்சில் இருந்தது?

அவள் எழுந்தாள். "அங்க ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதலைங்க. நாங்க அந்தக் கட்டத்துக்குப் போகலை. ஒவ்வொரு தடவையும் கோடு போட்டிருக்கேன். அதைப் பூஜ்யம்னு எடுத்து வெள்ளை அடிச்சிட்டாங்க" என்றாள்.

"இருபத்தெட்டுத் தடவையும் போகலையா? ஏன் போகல?" என்று கேட்டார் நீலச் சட்டை.

அவள் என்னைப் பார்த்தாள் தம்பி. மண்டபத்தில் முந்நூறு பேர். முன்னால் சேசடிமை. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஊர் முழுக்க விளங்கிவிடும், என் இருபது வருஷப் பொய்யும் சந்திக்கு வந்துவிடும்.

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க. நான்தான் போக வேண்டாம்னு சொன்னேன்" என்றாள்.

அப்புறம் அவளை இந்த வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலையை ஒழுங்காகச் செய்யவில்லையாம். ஊருக்குப் போகும் முன்பு என் வீட்டுக்கு வந்தாள். பிலோமி மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணா, வெள்ளையா இருக்கிற கட்டத்தை மறுபடி பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்கு ஒரு ஆளை அனுப்புவாங்க. அவரையாவது கூட்டிட்டுப் போங்க. போய்ப் பாத்து எழுதினாத்தான் அந்தப் பாரு தப்பிக்குங்க."

பாரு என்றாள். கல் என்று சொல்லவில்லை, பாரு. நான் அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.

அவள் போன பிறகு பிலோமியிடம், "இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"ஒரு மனுஷன் பதினோரு மாசம் ஒரு பக்கத்தைத் திரும்பிப் பாக்காமலே வள்ளம் ஓட்டினா, அந்தப் பக்கத்துல என்னமோ இருக்குன்னு யாருக்குத்தான் தெரியாது? நமக்குக் கல்யாணமான வருஷமே எனக்குத் தெரியும்" என்றாள்.

இருபது வருஷமாக என் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. அவளும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையும் சொல்லவில்லை. எல்லாரும் தெரிந்துகொண்டே சொல்லாமல் இருக்கிறார்கள். எனக்காக ஒரு பொய்யைச் சொல்லி வேலையை இழக்க இவள் யார், என் அக்காள் மகளா? அதில்தான் எனக்குச் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். எத்தனை நாள் இருக்கிறது? பதினெட்டாம் தேதி வரைக்குமா? அதற்குள் எண்ணிக் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டம் வெள்ளையாகவே போய்விடுமா? ஐப்பசி முடிந்ததும் மிதவையைக் கொண்டு வந்து நங்கூரம் இறக்கிவிடுவார்களா?

சரி. நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் அந்த மஞ்சள் டப்பா வராது. அதைப் பிலோமியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருப்பாள்.

முடியாதா? எந்த இடத்தில் எண்ணினோம் என்று இல்லாமல் எண்ணிக்கை மட்டும் செல்லாதா? ஏன் செல்லாது? பறவை பறவைதானே?

நில்லுங்கள். உடனே எழுந்துவிடுகிறீர்களே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் எழுதும் தாளில் கட்டத்தின் நம்பர் மட்டும்தான் இருக்குமா? நாலு, ஆறு, அவ்வளவா? அந்தக் கட்டத்துக்குள் எந்த மூலை என்று இருக்காதா?

எங்கே, அந்தத் தாளைக் காட்டுங்கள்.

ஆமாம். கட்டம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் அகலம். அதற்குள் என் பாரைத் தேடுகிறவன் ஒரு வருஷம் தேட வேண்டும். சேசடிமை என்றால் இரண்டு வருஷம்.

இதைத்தான் அவள் முதல் நாளே சொன்னாளா? கட்டம் தெரிந்தால் போதும் என்று சொன்னாளே, அது இதுதானா?

அப்படியென்றால் ஏன் அதை ஒழுங்காக விளக்கிச் சொல்லவில்லை? ஒரு தடவை சொன்னால் போதுமா? கடலோடு பிழைக்கிறவனுக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டாமா? சரி, விடுங்கள். அவள் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா? வேண்டாம், வேண்டாம், இப்போது வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

ஆறு மணி சரிப்படாது. ஐந்தரைக்கு வாருங்கள். வெளிச்சம் வரும்போது நாம் நாலாவது கோட்டில் இருக்க வேண்டும். டப்பாவையும் கொண்டு வாருங்கள். நேரே ஓட்டுகிறேன், திருப்ப மாட்டேன். ஆறாவது கட்டத்தின் நடுவிலேயே ஓட்டுகிறேன். மாதா மேல் ஆணை.

ஒரே ஒரு விஷயம் தம்பி. இப்போது நெத்திலி வந்திருக்கிறது. நாளைக்கு அங்கே ஆலா வானத்தை மூடிக்கொண்டு நிற்கும். ஆயிரம் இருக்கும், ஆயிரத்து ஐந்நூறுகூட இருக்கும். ஓங்கிலும் இருக்கும், அந்தக் குட்டி இப்போது வளர்ந்திருக்கும். அதையெல்லாம் அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்தப் படத்தைத் திரும்பவும் மண்டபத்தில் காட்டுவார்கள், சேசடிமை முன் வரிசையில் உட்கார்ந்திருப்பான். இவ்வளவு ஆலா என்றால் அடியில் எவ்வளவு மீன் என்று அவனுக்குக் கணக்குப் போடத் தெரியும். அதனால் கொஞ்சம் குறைத்து எழுதுங்கள். பத்து, பன்னிரண்டு என்று போட்டால் போதாதா?

ஏன் எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் வைக்கிறீர்கள்?

உட்காருங்கள் தம்பி. சரி, இருபது என்று எழுதுங்கள்.